கேம்ப் வாசலுக்கு எதிர்ப்பக்கம்: வாப்பாவின் கடன் கொப்பியும் எங்கள் பலாபத்வலையும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

வாப்பாவின் அலுமாரியில் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. மட்டை கழன்று, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிப்போன கடன் கொப்பி. முன்பக்கத்தில் இருந்து ஊராட்களின் கணக்கு. கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் இருந்து ஆமிக்காரர்களின் கணக்கு. சிங்களப் பெயர்களை வாப்பா தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஊரையும் குறித்து வைத்திருப்பார்: மெதிரிகிரிய, புத்தல, நிக்கவெரட்டிய, மஹியங்கனை. கீழே பணிஸ் 2, பிளேன்டீ 3, சவர்க்காரம் 1, பிளேட் 1. மாத முடிவில் சம்பளம் வந்ததும் காசு கைக்கு வரும், கணக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு விழும்.

கோடு விழாத பக்கங்கள் ஏழு இருக்கின்றன. அந்த ஏழு பக்கங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் “உங்கள் பிரதேச வரலாற்றை எழுதிக் கொண்டு வாருங்கள்” என்று ஓர் ஒப்படை கொடுத்தார். நான் அளுவிஹாரையை எழுதினேன். ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களை எழுதினேன். 1848 கிளர்ச்சியை எழுதினேன். நல்ல புள்ளிகளும் கிடைத்தன. ஆனால் பிறந்த நாளில் இருந்து தினமும் பார்த்த கேம்ப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அது வரலாறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எங்கள் வீட்டு முன்வாசல் மாதிரி, அவ்வளவுதான்.

எங்கள் காலை எப்படி விடியும் என்று என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் சுபஹ் பாங்கு. பிறகு பன்சலையில் பிரித். அது முடியும் முன்பே கேம்புக்குள் விசில். வெளிச்சம் வரும்போது பூட்ஸ் சத்தம். வரிசையாக ஓடிக்கொண்டு, ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டு றோட்டில் வருவார்கள். மதரஸாவுக்குப் போகிற நாங்கள் தொப்பியும் குர்ஆனுமாக ஓரத்தில் ஒதுங்கி நிற்போம். கடைசியில் மூச்சு வாங்கி ஓடிவரும் ஆளைப் பார்த்துச் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

சுடும் பயிற்சி நடக்கிற நாளில் கோழிகள் கூட்டை விட்டு இறங்காது. உம்மும்மா மிளகு காயப்போட்ட பாயில் இருந்து தலையைத் தூக்காமலே, “இது பழகுற வெடி. பழகாத வெடி இப்பிடி ஒழுங்கா வராது” என்பார். எங்களுக்கு வெடியை விட வெற்றுத் தோட்டாக் கூடுகள்தான் முக்கியம். மழை பெய்தால் வாய்க்காலில் அடித்துக்கொண்டு வரும். வாயில் வைத்து ஊதினால் நல்ல விசில். பித்தளை என்பதால் போத்தல் பத்திரம் வாங்க வருகிறவர் நிறுத்து எடுப்பார். அந்தக் காசில் நாங்கள் ஐஸ்பழம் வாங்கினோம். அது எதற்காகச் செய்யப்பட்ட பித்தளை என்று அந்த வயதில் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மாத்தளைக்குப் படை முகாம் புதிய விஷயமல்ல. 1803இல் ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்தபோது மாத்தளையில் ஒரு கோட்டை கட்டினார்கள். தளபதி ஹே மெக்டொவலின் பெயரால் அது மெக்டொவல் கோட்டை. அதே ஆண்டு நடுப்பகுதியில் கண்டியில் அவர்களுடைய படை வீழ்ந்ததும், இங்கிருந்தவர்கள் கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலைப் பக்கம் பின்வாங்கினார்கள். இன்றும் நகரத்தில் அந்த வாசலைப் பார்க்கலாம்.

பிறகு 1848. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு ஆண்டுக்கு 6 நாள் றோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். சனம் பொறுக்கவில்லை. ஜூலை கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். வீர புரன் அப்புவோடு அந்தக் கூட்டம் மாத்தளைக்கு வந்தது. தம்புள்ளையில் இருந்து மாத்தளைக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் வழி என்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரியும்.

ஜூலை 29ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 26ஆம் திகதி கடஹபொல என்ற பௌத்த பிக்கு, காவியுடையோடேயே சுடப்பட்டார். அந்த நாட்களில் மாத்தளையில் கட்டளையிட்டவர் சிலோன் ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த கெப்டன் வொட்சன். அந்தப் படைப்பிரிவில் பெரும்பாலானவர்கள் மலாய் முஸ்லிம்கள். கடை வரியால் நொந்தவர்களிலும் எம்மவர் இருந்தார்கள், அடக்க வந்த படையிலும் எமது மார்க்கத்தவர் இருந்தார்கள். இதை நான் வகுப்பில் மறைப்பதில்லை.

இனி எங்கள் காலத்துக்கு வருகிறேன்.

வாப்பாவின் கடை கேம்ப் வாசலுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி. கடையில் ஒரு கறுப்பு வெள்ளை டீவீ இருந்தது. 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எனக்கு ஒன்பது வயது. லீவு கிடைக்காத ஆமிக்காரப் பொடியன்மார் ஏழெட்டுப் பேர், ஊர் நானாமார், தோட்டத்தில் இருந்து வந்த இரண்டு பேர், எல்லோரும் அரிசி மூட்டை மேலும் வாங்கிலும் உட்கார்ந்திருந்தார்கள். அரவிந்த நூறைத் தாண்டியபோது ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். இரவு வெற்றி வந்ததும் வாப்பா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். கொப்பியில் எழுதாத டீ அது ஒன்றுதான் என்று உம்மா இப்போதும் பகிடி பண்ணுவார்.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 18ஆம் திகதி அதிகாலை, முல்லைத்தீவு முகாமைப் புலிகள் தாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் அங்கே இறந்தார்கள். அந்த நாட்களில் றேடியோவில் முழுச் செய்தியும் வராது. எங்களுக்குச் செய்தி சொன்னது வெள்ளைக் கொடிகள்தான். ஏ9 நெடுகிலும் ஊருக்கு ஊர் வெள்ளைக் கொடி. எங்கள் கேம்பில் இருந்து வடக்கே அனுப்பப்பட்ட எல்லோரும் முல்லைத்தீவுக்குத்தான் போனார்கள் என்றில்லை. யார் எங்கே போனார் என்று வாப்பாவுக்கு யார் சொல்வார்? மாத முடிவில் காசு கொடுக்க வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்களின் பக்கம் அப்படியே நின்றது.

அடுத்த மே மாதம் ஜயசிக்குறு தொடங்கியது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை இதே ஏ9 வீதியைப் பிடிப்பதற்கான சண்டை. ஒன்றரை வருடம் இழுபட்டது. எங்கள் வாசலைத் தாண்டி ட்ரக் வண்டிகள் வடக்கே போகும், அம்புலன்ஸ் தெற்கே வரும். கொப்பியில் கோடு விழாத பக்கங்கள் கூடின. என்னைத் தோளில் தூக்கிய ஆளின் பக்கமும் அதில் ஒன்று. 146 ரூபாய் 50 சதம்.

உம்மா ஒரு தடவை கேட்டார்: “அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டா என்ன? கணக்கு உதைக்குதே.” வாப்பா சொன்னார்: “கிழிச்சா ஆள் மௌத்தாப் போனதுன்னு நான் சொன்ன மாதிரி. இருக்கட்டும். வந்தா தருவான்.”

எங்கள் பெரியவர்கள் ஏன் ஆமியோடு அவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை வீட்டை விட்டு விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் பெரியவர்கள் கேம்பைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்கள். நோன்பு காலத்தில் பள்ளியில் இருந்து நான்கு வாளி கஞ்சி கேம்ப் வாசலுக்குப் போகும். பெருநாளைக்கு வட்டலப்பம் போகும். வெசாக் நாளில் அங்கிருந்து எங்களுக்குத் தன்சல் சாப்பாடு. கோடையில் கிணறு வற்றினால் கேம்ப் பௌசர் வரும். இதெல்லாம் உண்மை.

ஆனால் அதே வாசல் எல்லோருக்கும் ஒரே வாசல் அல்ல. இதை நான் பிந்தித்தான் அறிந்தேன்.

1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டியில் தலதா மாளிகைக்குக் குண்டு வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கம் செக் பொயின்ட் கடுமையானது. பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். உம்மா சொல்லி அனுப்புவார், “பஸ்ஸில தமிழ்ல கதைக்காதே மகன், ஆமி ஏறினா தொப்பியைப் போட்டுக்க.” ஒரு நாள் எங்களோடு இறங்கிய தோட்டத்துப் பையன் ஒருவருக்கு ஐடென்டிட்டி கார்ட் இல்லை. பதினாறு பதினேழு வயது இருக்கும். என் தொப்பியைப் பார்த்து என்னைப் போகச் சொன்னார்கள். அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஒரே மொழிதான் பேசினோம். பஸ் புறப்பட்டபோது அவர் இன்னும் அங்கேயே நின்றார். யாரும் அவருக்காகக் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. பதினொரு வயதில் என்ன கதைத்திருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த பஸ்ஸில் பெரியவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு வாசல் சிங்களவர்களுடையது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிங்கள அம்மா இருந்தார். ஒவ்வொரு பின்னேரமும் கடைக்கு வருவார். தேங்காய் எண்ணெய் வாங்குவார். கேம்ப் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். நான் காரணம் கேட்டால் வாப்பா பேச்சை மாற்றுவார். நான் கலாசாலைக்குப் போன பிறகுதான் சொன்னார். 1989இல் அவருடைய மகனை இரவில் யாரோ வந்து கூட்டிப் போனார்கள். ஜேவிபி காலம். மாத்தளை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்த கதை. அவர் மாவட்டத்தில் இருந்த ஒவ்வொரு கேம்ப் வாசலாக ஏறி இறங்கினார். எங்கேயும் மகன் இல்லை என்றார்கள். வாப்பாவின் கொப்பியில் முன்பக்கத்தில் அந்த மகனுடைய கணக்கும் இருக்கிறது. கோடு விழாத ஏழாவது பக்கம் அதுதான். மற்ற ஆறும் ஆமிக்காரர்களுடையது.

2002இல் சமாதான உடன்படிக்கை வந்து ஏ9 திறந்தபோது யாழ்ப்பாண பஸ்கள் எங்கள் கடையில் நிற்கத் தொடங்கின. யாழ்ப்பாணத் தமிழை நான் நேரில் கேட்டது அப்போதுதான். ஒரு தாய் சத்தமாகக் கதைத்துக்கொண்டு டீ குடித்தவர், எதிர்ப்பக்கம் கேம்ப் வாசலைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். வாப்பா வேண்டுமென்றே உரத்த தமிழில், “இன்னொரு டீ போடவா தங்கச்சி?” என்று கேட்டார். அவர் ஒரு தரம் வாசலைப் பார்த்துவிட்டு, “சீனி குறைவாய்” என்றார். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அந்த பஸ்களும் நின்றன.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. எங்கள் றோட்டில் கிரிபத், கொடி, வெடி. வாப்பாவும் சந்தோஷப்பட்டார், இனிமேல் பக்கம் மிஞ்சாது என்று.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவில் தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை என்று அறிக்கை கொடுத்தார். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போயின. அவை 1950க்கு முந்தியவை என்று முடிவு சொன்னார்கள். அந்த எலும்புகள் யாருடையவை என்று இன்றுவரை ஒரு தாய்க்கும் சொல்லப்படவில்லை.

பின்வீட்டு அம்மா அந்த நாட்களில் பேப்பரை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். கண் மங்கிவிட்டது, வாப்பாதான் சிங்களத்தில் வாசித்துக் காட்டுவார். ஆய்வுகூடத்துச் செய்தி வந்த அன்று முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் என் மகன் எங்கே, முதலாளி?” என்று மட்டும் கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை. அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை.

2019 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களில் நடந்த அநியாயம். அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். பிறகு நாடு முழுக்க எங்கள் வீடுகளில் தேடுதல். சமையல் கத்திக்கும் அரபுக் கிதாபுக்கும் விளக்கம் சொன்ன காலம். உடையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று ஒரு பெண்ணை மஹியங்கனைப் பக்கம் கைது செய்த காலம்.

நோன்பில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். எங்கள் கேம்ப்காரர்கள் அல்ல, வேறு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்கள். எல்லோரும் சின்னப் பொடியன்மார். அலுமாரியைத் திறந்து உடுப்பை எல்லாம் வெளியே எடுத்தார்கள். அடியில் அந்த சீ.ஆர். கொப்பி. அதிகாரி விரித்துப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர் பெயர்களை வாசிக்க வாசிக்க அதிகாரியின் முகம் மாறியது. “ஆமிக்காரர்களின் பெயர் ஏன் உங்களிடம் இருக்கிறது? இது என்ன பட்டியல்?”

எழுபது வயது வாப்பா கதிரையில் இருந்து எழும்பிச் சொன்னார், “இது கடன் கொப்பி சேர். அவங்க எனக்குக் காசு தரணும்.” பிறகு ஒவ்வொரு பக்கமாக விரித்து, இவர் மெதிரிகிரிய, இவர் புத்தல, இத்தனை பணிஸ், இத்தனை டீ என்று சொல்லத் தொடங்கினார். அதிகாரி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். கொப்பியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார்கள். உம்மாவின் பிடவைகள் நிலத்தில் கிடந்தன. உம்மா அவற்றை மடிக்கும்போது அழுதார். வாப்பா அழவில்லை. ஆனால் அந்த வருடம் பள்ளியில் கேம்ப் கஞ்சி பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாளி போகவில்லை. அடுத்த வருடம் கொரோனா, பள்ளியே மூடிக் கிடந்தது. இப்போது மறுபடியும் போகிறது. முன்பு நான்கு வாளி, இப்போது இரண்டு.

ஏன் இதையெல்லாம் கிளறுகிறாய் என்று சிலர் கேட்கலாம். நான் ஆசிரியன். வகுப்பில் 1848 படிப்பிக்கும்போது யார் எந்தத் திகதியில் எங்கே சுடப்பட்டார் என்று சொல்ல முடிகிறது. காரணம், அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் பாராளுமன்றக் குழு விசாரித்தது, சாட்சிகளைப் பதிந்தது, ஆளுநர் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். 170 வருடத்துக்கு மேல் பழைய விஷயம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. 1989இல் பின்வீட்டில் நடந்தது தெரியாது. 1996இல் வாப்பாவின் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று தெரியாது. பஸ்ஸால் இறக்கிய அந்தத் தோட்டத்துப் பையனுக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது.

ஊரில் இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, ஆமி எங்களைக் காப்பாற்றியது. மற்றது, ஆமி எங்களை அவமானப்படுத்தியது. யார் சொல்கிறார், எந்த வருடத்தைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது பொய்யாகிவிடும். வாப்பாவின் கொப்பியில் கடன்காரப் பொடியனும் காணாமல் போன பொடியனும் ஒரே மட்டைக்குள் இருக்கிறார்கள். ஊர் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

எங்கள் ஊருக்கும் மாத்தளை டவுனுக்கும் இடையில் அளுவிஹாரை இருக்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு, யுத்தமும் பஞ்சமும் வந்த காலத்தில், மனனமாக வைத்திருந்த பிக்குகள் இறந்துபோனால் எல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து அங்கேதான் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். எங்கள் குர்ஆனும் ஏட்டில் ஒன்று சேர்க்கப்பட்டது, யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பிறகுதான். மனனம் செய்தவர் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதை இரண்டு சமூகமும் அறிந்திருக்கிறது.

எங்கள் ஊரில் எழுபது தாண்டியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நான் கடையில்தான் இருப்பேன். பெரியவர்கள் வாருங்கள். வர முடியாதவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி அனுப்புங்கள். சிங்கள அயலவர்களும் தோட்டத்து உறவுகளும் வந்தால் இன்னும் சந்தோஷம். டீக்குக் கணக்கு எழுத மாட்டேன். சொல்வதை மட்டும் எழுதுவேன்.

மெதிரிகிரிய, புத்தல பக்கம் யாருக்காவது, 90களில் பலாபத்வலையில் ஒரு நானாவின் கடையில் கடன் வைத்ததாக வீட்டில் ஒருவர் சொன்ன ஞாபகம் இருந்தால் தெரியப்படுத்துங்கள். காசு வேண்டாம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வாப்பா அறிய விரும்புகிறார்.

வஸ்ஸலாம்.